பை வைத்த பிறகு கீரை, முருங்கைக்காய், வறை: சாப்பிட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து, இலியோஸ்டமி

குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் பையில் விழும்படி ஸ்டோமா வைத்து வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு தாள் தருவார்கள், கவனமாகச் சாப்பிட வேண்டியவை என்று. செலரி, காளான், பொப்கோர்ன், உலர்ந்த பழம் என்று போகும். எல்லாம் சரிதான், ஆனால் நம் வீட்டு அடுப்பில் வேகும் முருங்கைக்காய், வாழைப்பொத்தி, கங்குன், பயத்தங்காய் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அதனால் நிறையப் பேர் பயந்து மரக்கறியையே விட்டுவிட்டு சோறு, சொதி, பாண், மீன் என்று வருடக்கணக்காக இருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படுகிறது. தெரிந்தவர்கள் எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய், பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதி வயிற்றின் வலது பக்கத்தில் வெளியே இருக்கிறது, இதுதான் இலியோஸ்டமி, எனக்கு நிரந்தரம். நார் யாருடைய சிறுகுடலிலும் செரிப்பதில்லை. பெருங்குடல் உள்ளவர்களுக்கு அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை உடைக்கும், மிச்சம் வெளியே போய்விடும். எங்களுக்கு அந்த இடமே இல்லை, தும்பு விழுங்கியது விழுங்கியபடி வருகிறது, அதோடு குடல் வயிற்றுத் தசைக்குள்ளால் வெளியே வரும் இடம் ஒடுக்கமானது. நீளமான தும்புகள் குளியலறைக் குழாயில் முடி சேர்வது போல அங்கே பின்னிக்கொண்டு நின்றால்தான் அடைப்பு. ஆக பயப்பட வேண்டியது தும்பின் நீளத்துக்கும், ஒரேயடியாக நிறையச் சாப்பிடுவதற்கும், மெல்லாமல் விழுங்குவதற்கும். மரக்கறிக்கே பயப்படத் தேவையில்லை. ஒப்பரேஷன் முடிந்த முதல் 6 முதல் 8 கிழமை மட்டும் வேறு கதை, அப்போது குடலே வீங்கியிருக்கும், நார் குறைந்த சாப்பாடுதான், அதில் யாரும் துணிச்சல் காட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு புது மரக்கறி, இரண்டு மேசைக்கரண்டி அளவு, அதுவும் மத்தியானத்தில். இரவில் புதிதாக எதையும் தொடமாட்டேன், ஏதாவது ஆனால் பகலில் ஆகட்டும், ஆளிருக்கும். பூசணி, கரட், தோல் சீவிய பீட்ரூட், விதை எடுத்த புடலங்காய் எல்லாம் நன்றாக அவிந்தால் எனக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. பீட்ரூட் சாப்பிட்டால் பையில் சிவப்பாக வரும், இரத்தம் என்று பதற வேண்டாம். போஞ்சிக்கும் பயத்தங்காய்க்கும் இரு பக்க நாரையும் உரித்து, குறுக்கே மெல்லிதாக அரிந்து, குழைய அவிக்க வேண்டும். குறுக்கே அரிவதுதான் முக்கியம், தும்பு அப்போதே துண்டாகிவிடும்.

எனக்கு உண்மையில் வேலை வைத்தது வறை. கீரை வறை, கோவா வறை, கரட் வறை எதைச் செய்தாலும் நாங்கள் கைநிறையத் தேங்காய்ப்பூவைப் போட்டுத்தான் இறக்குவோம். தேங்காய்ப்பூ எவ்வளவு அவிந்தாலும் கரையாது, மென்றாலும் சக்கையாகவே போகும். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு என்று வறை, சம்பல், பொரியல், கடலை எல்லாம் ஒரே தட்டில் வந்தால் தும்புக்கு மேல் தும்பு. இப்போது எங்கள் வீட்டில் எனக்குத் தனியாக எடுத்து வைத்து, தேங்காய்ப்பூவுக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டு இறக்குகிறார்கள். பால் ஒன்றும் செய்யாது. கீரையில் தண்டை முழுக்க நீக்கி, இலையை மட்டும் அவித்து மசித்து, பாலும் தேசிக்காயும் விட்டால் அருமையாக இருக்கும். காலையில் தெருவில் விற்கும் இலைக்கஞ்சியும் எனக்குப் பிடித்தது: இலையை அரைத்து வடித்த சாறு, குழைந்த அரிசி, உப்பு. சக்கை அவர்கள் வடித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது, எங்களுக்குத் தேவையான உப்பும் கிடைக்கிறது. பச்சையாக அரியும் வல்லாரைச் சம்பல் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து, அப்பாவுக்காக எழுதுகிறேன்

அக்கா, நீங்கள் எந்த ஸ்டோமா என்று முதலிலேயே சொன்னது மிகவும் நல்லது. என் அப்பாவுக்கு கொலொஸ்டமி, அதாவது பெருங்குடலில் வைத்த ஸ்டோமா, இடது பக்கம். பெருங்குடலில் பெரும் பகுதி அப்படியே இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர் ஒருவருக்கு இலியோஸ்டமி இருந்ததால், அவருக்குச் சொன்னதையெல்லாம் அப்பாவுக்கும் சொல்லி, வீட்டில் கீரையும் பழமும் நிறுத்தப்பட்டன. மாமி தினமும் தொலைபேசியில் கண்காணித்தார், அன்பில்தான். அப்பாவுக்கு மலம் இறுகி, வயிறு ஊதி, மனிதர் பேசாமலே போய்விட்டார். கிளினிக்கில் ஸ்டோமா நேர்ஸ்தான் விளங்கப்படுத்தினார்: கொலொஸ்டமி ஆறிய பிறகு நாரும் வேண்டும், அதற்கேற்ற தண்ணீரும் வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் வரும் என்று. இப்போது பப்பாசி, கீரை, குரக்கன் மா எல்லாம் சாப்பிடுகிறார். கோவாவும் வெங்காயமும் சாப்பிட்டால் பையில் காற்று நிறையும், அதனால் வெளியே போகும் நாளில் மட்டும் தவிர்க்கிறார்.

ஒருவருடைய அறிவுரை இன்னொருவருக்கு நேரெதிராகிவிடும். இதை எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

தெஹிவளையிலிருந்து, இலியோஸ்டமி

அடைப்பு வந்த அனுபவம் எனக்கு இருக்கிறது, விபரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அது வரும்போது அடைப்பு என்று தெரியாமலே நேரம் போய்விடும்.

ஒரு கலியாண வீடு, மத்தியானச் சாப்பாடு, காளான் பிரட்டலும் கடைசியில் அன்னாசித் துண்டுகளும். பக்கத்தில் இருந்தவர்களோடு கதைத்துக்கொண்டே சாப்பிட்டேன். பின்னேரம் பையில் வெறும் தண்ணீர் மட்டும் வேகமாக வந்தது. பார்த்தால் வயிற்றோட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் அடைத்த இடத்தைச் சுற்றி வழிந்து வரும் தண்ணீர் அது. அந்த நேரத்தில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை போட்டால் நிலைமை மோசமாகும். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. அலை அலையாகப் பிடித்து இழுக்கும் வலி, ஸ்டோமா வழக்கத்தைவிட வீங்கிக் கிடந்தது. ஸ்டோமா நேர்ஸுக்கு கோல் அடித்தோம். திடமாக ஒன்றும் சாப்பிட வேண்டாம், வாந்தி இல்லையென்றால் இளஞ்சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், வீங்கிய ஸ்டோமாவை இறுக்காதபடி பையின் துவாரத்தைப் பெரிதாக வெட்டி மாற்றுங்கள், முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிப் படுங்கள், ஸ்டோமாவைச் சுற்றி மெதுவாகத் தடவுங்கள் என்றார். வாந்தி வந்தால் அல்லது சில மணி நேரத்தில் ஒன்றும் வராவிட்டால் ஆஸ்பத்திரிதான், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்றும் அழுத்திச் சொன்னார்.

வாந்தி வந்துவிட்டது. த்ரீவீலரில் போகும் வழியில் முதலில் ஒரு சின்னக் கிளினிக்கில் ஏறினோம், மலம் போகவில்லை என்றதும் பேதி மருந்து எழுதினார்கள். மனைவி என் சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டி, இவருக்குப் பெருங்குடல் இல்லை, பேதி மருந்து கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவள் அன்று அப்படி நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே விரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, மூக்கால் குழாய் விட்டு வைத்திருந்தார்கள், மறுநாள் தானாகவே திறந்துகொண்டது, வெட்ட வேண்டி வரவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், வலியில் கிடப்பவனால் விளக்கம் சொல்ல முடியாது.

அன்னாசி இப்போதும் சாப்பிடுகிறேன், சாறாக வடித்து. காளானை விட்டுவிட்டேன்.

வத்தளையிலிருந்து

எனக்கு ஒப்பரேஷன் முடிந்து கொஞ்ச காலம்தான். இலியோஸ்டமி, பிறகு மூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கேள்வி. முருங்கைக்காய் சாப்பிடலாமா? யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா பனங்கிழங்கு அனுப்பியிருக்கிறார், எனக்கு அது என்றால் உயிர், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து, இலியோஸ்டமி

தங்கச்சி, முருங்கைக்காயை நான் விடவில்லை. நன்றாக அவிந்த காயை நடுவே பிளந்து, கரண்டியால் சதையை மட்டும் வழித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறேன், விதையையும் தோலையும் ஒதுக்கி விடுவேன். வாயில் வைத்துச் சப்பினால் தோலுக்கு உட்புறம் இருக்கும் தும்பும் சேர்ந்து உள்ளே போகும், அதனால் சப்புவதில்லை. குழம்பு முழுக்க அந்த வாசம் இருக்கும், அது தாராளமாகப் போதும். ஆனால் உங்களுக்கு முதல் கிழமைகள் இன்னும் முடியவில்லை என்றால் குழம்பு மட்டும், சதையும் பிறகு.

பனங்கிழங்கை அவித்துத் தும்பு உரித்தாலும் உள்ளே நார் நிற்கும், உரலில் இடித்தாலும் முழுக்கப் போகாது. அதை நான் தொடுவதில்லை, நீங்களும் இப்போது தொட வேண்டாம், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும். ஸ்டோமாவை மூடிய பிறகும் குடல் பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும், டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். ஒடியல் கூழ் என்றால் காயவைத்த பனங்கிழங்கின் மாவை நன்றாக அரித்து, உங்கள் கிண்ணத்தில் பயத்தங்காய், பலாக்கொட்டை, நண்டுக் கோது எதுவும் விழாமல், கூழை மட்டும் வார்த்துக் குடிக்கலாம். நான் குடித்திருக்கிறேன், உறைப்பைக் குறைத்து.

இன்னொன்று. கொழும்பு வெயிலில் பை அடிக்கடி நிறைந்தால் வெறும் தண்ணீரை லீட்டர் கணக்கில் குடிக்காதீர்கள், அது உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே போகும், இன்னும் களைப்பாகும். பார்மசியில் ஜீவனி பக்கெட் (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) இருக்கிறது, எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைத்துக் குடியுங்கள். சோறு, உருளைக்கிழங்கு, பழுத்த வாழைப்பழம் மூன்றும் பையில் வருவதைக் கொஞ்சம் தடிப்பாக்கும்.

வாழைப்பொத்தி யாராவது சாப்பிட்டுப் பார்த்தீர்களா? எந்த ஸ்டோமா, வைத்து எவ்வளவு காலம், எப்படிச் சமைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.