புதிய எலக்ட்ரீஷியன்களைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும் எப்படி?

கேள்வி (வயரிங் ஒப்பந்தக்காரர்):
வணக்கம். வீடுகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் வயரிங் வேலை எடுத்துச் செய்து வருகிறேன். என்னிடமுள்ள மூத்த எலக்ட்ரீஷியன்கள் விரைவில் ஓய்வு பெறும் வயதை எட்டிவிடுவார்கள். அவர்களுடைய இடத்துக்கு ஆள் இல்லை. தொழிற்பயிற்சிச் சான்றிதழோடு வரும் இளைஞர்களைச் சேர்த்தாலும், பெரும்பாலோர் ஓராண்டு முடிவதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். சேர்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும், தொடக்கத்தில் என்ன கற்றுக்கொடுத்தால் நிலைப்பார்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (தள மேற்பார்வையாளர்):
அந்த ஓராண்டில் அவர்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லவில்லையே. பல இடங்களில் புதிதாக வருபவர் சுவரில் காடி வெட்டுவார், பைப் பதிப்பார், கம்பி இழுப்பார், சாமான் சுமப்பார். மின்சாரத்தைப் பல சர்க்யூட்டுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிபி பெட்டியைத் திறக்கும் நேரம் பார்த்து அவரைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். காடி வெட்டுவதும் தொழிலில் ஒரு பகுதிதான் என்றாலும், அதை மட்டுமே செய்துகொண்டிருப்பவருக்கு, தான் எலக்ட்ரீஷியன் ஆகப்போகிறோம் என்ற நம்பிக்கை எப்படி வரும்?

நாங்கள் ஒரு மரப்பலகையில் டிபி, சில சுவிட்சுகள், பிளக் பாயின்ட், விளக்கு எல்லாம் பொருத்தி, வாரம் ஒரு பழுதை வேண்டுமென்றே அதில் வைக்கிறோம். ஒரு வாரம் சுவிட்சை பேஸில் (மின்சாரம் வரும் கம்பி) போடாமல் நியூட்ரலில் (அது திரும்பும் கம்பி) போட்டு வைப்போம்; அப்போது சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இன்னொரு வாரம், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிகளான இரண்டு ஆர்சிசிபிகளுக்குப் பின்னால் வரும் நியூட்ரல்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவோம். எந்தக் கசிவும் இல்லாமலேயே லோடு (விளக்கு போன்ற மின்கருவி) போட்டதும் ட்ரிப் ஆகும், அதாவது துண்டித்துவிடும். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதைத்தான் அந்தக் கருவி ஒப்பிடுகிறது என்று பாடமாகச் சொன்னால் மறந்துபோகும். அரைநாள் தேடித் தானே கண்டுபிடித்தவருக்கு மறக்காது. என்ன பார்த்தார், எதைச் சந்தேகித்தார், மீட்டர் என்ன காட்டியது என்பதையும் அவரே நோட்டில் எழுத வேண்டும்.

மறுமொழி (பயிற்றுநர்):
பழுது கண்டுபிடிப்பதற்கு முன்பாகவே, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யும் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கரை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சோதனைக் கருவியை மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, வேலை செய்யப்போகும் இடத்தைச் சோதித்து, மறுபடியும் முதலில் பார்த்த இடத்திலேயே கருவியைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் கருவி பழுதாகியிருந்தால் அந்த மூன்றாவது படியில்தான் தெரியவரும். நியான் டெஸ்டர் ஒளிரவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடுபவரைத் தனியாக வேலைக்கு அனுப்பவே கூடாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கும் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். காய்ந்த மரப்பலகையின் மேல் நின்றுகொண்டு ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால், பூமிக்குக் கசிவு ஏற்படாததால் அது ட்ரிப் ஆகாது. அதைப் பொறுத்தவரை அவருடைய உடலும் இன்னொரு லோடுதான்.

மறுமொழி (ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்):
இவையெல்லாம் சரி, கற்றுக்கொடுக்கப்போவது யார்? மூத்தவருக்குப் பாயின்ட் கணக்கில் (முடித்த விளக்கு, பிளக் பாயின்ட்டுகளின் எண்ணிக்கைப்படி) கூலி கொடுத்துவிட்டு, பையனுக்கும் சொல்லிக்கொடு என்றால், சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம். அந்த நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். தொழிலைக் கற்றுக்கொண்டவர் நாளை தமக்கே போட்டியாக வருவார் என்ற அச்சமும் மூத்தவர்களுக்கு உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பாயின்ட் கூலியைப் பற்றி ஐயா சொன்னது என் இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஆள் தேர்வைப் பற்றியும் யாராவது கூற முடியுமா?

மறுமொழி (பயிற்றுநர்):
மதிப்பெண்ணை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஓர் எளிய வரைபடத்தையும் கழற்றிப்போட்ட சுவிட்ச் போர்டையும் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். படத்தில் வேண்டுமென்றே ஓர் இணைப்பை விட்டுவிடுங்கள். வேகமாக முடிப்பவரைவிட, இந்தக் கம்பி எங்கே போகிறது என்று நிறுத்திக் கேட்பவரைத் தேர்ந்தெடுக்கலாம். கம்பிகளை நிறத்தால்தான் அடையாளம் காண்கிறோம் என்பதால், நிறப்பார்வையையும் அன்றே சோதித்துவிடுங்கள். பெண்களையும் அழையுங்கள், ஆனால் தளத்தில் கழிப்பறைகூட இல்லாத நிலையில், பெண்கள் யாரும் வருவதில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

மறுமொழி (தள மேற்பார்வையாளர்):
ஒன்று சேர்க்க விரும்புகிறேன். சூரிய மின்தகடு வேலையில் இளைஞர்களுக்கு ஆர்வம் அதிகம்; அதைக் காட்டி ஆள் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் மெயினை அணைத்தாலும் வெளிச்சம் படும் நேரமெல்லாம் தகட்டின் முனைகளில் மின்னழுத்தம் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், இணைப்பைப் பிரிக்கும்போது எழும் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு; நேர்மின்னோட்டத்தில் அது கிடையாது. ஆகவே லோடில் இருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கக் கூடாது என்பதை, கூரைமேல் ஏற்றுவதற்கு முன்பே தரையில் வைத்துப் பழக்குங்கள்.