வேறு வழங்கியில் இருப்பவர்களுக்கு எங்கள் பதிவின் இணைப்பு சில வேளை திறக்கிறது, சில வேளை திறப்பதில்லை: உதவி தேவை

கேள்வி

வணக்கம். பல தனித்தனி வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மாஸ்டடன் என்ற சமூக வலைத்தள மென்பொருளில் இயங்கும் சிறிய வழங்கி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். எங்கள் உறுப்பினர்கள் தங்கள் பதிவின் முகவரியை நகலெடுத்து வெளியே பகிரும்போது, வேறு வழங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதைச் சொடுக்கினால் எங்கள் தளத்துக்கே வந்து சேர்கிறார்கள். இங்கே அவர்கள் உள்நுழையாத பார்வையாளர்கள் என்பதால், விருப்பம் தெரிவிக்கவோ மறுமொழி எழுதவோ முடிவதில்லை. அந்த முகவரியை உங்கள் சொந்த வழங்கியின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலருக்குப் பதிவு உடனே கிடைக்கிறது. வேறு சிலருக்கு ‘முடிவுகள் இல்லை’ என்றே வருகிறது. ஒரே இணைப்பு காலையில் கிடைத்து மாலையில் கிடைக்காமல் போவதும் உண்டு. எங்கே பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

இதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. பார்வையாளராக வந்து நிற்பது பிழையன்று. ஃபெடிவர்ஸின், அதாவது இப்படி வழங்கிகள் இணைந்த வலையமைப்பின், அமைப்பே அப்படித்தான். ஒவ்வொரு வழங்கியும் பிற இடத்துப் பதிவுக்குத் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து, அதற்குத் தன் சொந்த எண்ணைக் கொடுத்துக்கொள்கிறது. ஆகவே முகவரியில் உள்ள தளப்பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொல்லும் குறுக்கு வழி பலிக்காது. அந்த எண் அங்கே வேறொரு பதிவைக் குறிக்கலாம், எதையும் குறிக்காமலும் போகலாம். 2023இல் வந்த மாஸ்டடன் 4.2 பதிப்பு முதல், விருப்பக் குறியை அழுத்தும் பார்வையாளரிடம் அவருடைய வழங்கியின் பெயரைக் கேட்டு அங்கே அழைத்துச் செல்லும் பெட்டி ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. பழைய பதிப்பில் இருந்தால் மேம்படுத்துங்கள்.

தேடல் பெட்டி சில வேளை மட்டும் கைவிடுவதுதான் கவனிக்க வேண்டியது. தேடுபவர் தம் வழங்கியில் உள்நுழைந்திருந்தாரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். உள்நுழையாதவருக்காக எந்த வழங்கியும் வெளியே சென்று பதிவைத் தேடி எடுத்து வராது.

கேட்டவர்

உள்நுழைந்துதான் தேடினார்கள். இன்னொன்றையும் கவனித்தேன். பயனர் பெயரையும் தளப்பெயரையும் சேர்த்துத் தேடினால் எங்கள் உறுப்பினரின் கணக்கு எப்போதும் கிடைத்துவிடுகிறது. பதிவின் முகவரிதான் ஏமாற்றுகிறது.

மறுமொழி 2

நல்ல தடயம். உங்கள் வழங்கிக்கு முன்னால் கேச் (ஒருமுறை கொடுத்த விடையைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் தரும் இடைச்சேவை) ஏதேனும் வைத்திருக்கிறீர்களா?

கேட்பதற்குக் காரணம் இதுதான். தளப்பெயரை அடுத்து அட் (@) குறி வரும் பதிவு முகவரியை உலாவி திறக்கும்போது மனிதர் படிக்கும் எச்டிஎம்எல் பக்கம் போகிறது. அதே முகவரியை இன்னொரு வழங்கி, ‘ஆக்டிவிட்டி ஜேசன் (கணினிகள் படிக்கும் தரவு வகை) வேண்டும்’ என்று ஆக்செப்ட் ஹெடரில், அதாவது விடை எந்த வகையில் வேண்டும் என்று கோரிக்கையுடன் போகும் குறிப்பில், சொல்லிக் கேட்கும்போது, இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2018இல் பரிந்துரையாக வெளியிட்ட, வழங்கிகள் தமக்குள் பேசும் ஆக்டிவிட்டிபப் வடிவில் தரவு போகிறது. வாசல் ஒன்று, விடை இரண்டு. கேச் முகவரியை மட்டும் சாவியாக (சேமித்ததை இனங்காணும் அடையாளமாக) வைத்துக்கொண்டால், கடைசியாக வந்தவருக்குக் கொடுத்த விடையையே அடுத்தவருக்கும் நீட்டிவிடும். கணக்கைத் தேடும்போது, பெயரை வைத்துக் கணக்கைக் கண்டறியும் வெப்ஃபிங்கர் என்ற முறையின் வழியாக, உலாவியில் எவரும் திறக்காத தனி முகவரிக்குக் கோரிக்கை போவதால் அங்கே இந்தக் குழப்பம் எழுவதில்லை.

சோதிப்பது எளிது. ஒரு பதிவை உள்நுழையாத உலாவிச் சாளரத்தில் திறந்துவிட்டு, உடனே அதே முகவரியை கர்ல் (முனையத்திலிருந்து முகவரியைக் கேட்டு விடையைக் காட்டும் கருவி) கட்டளையால், ஆக்செப்ட் ஹெடரில் ஆக்டிவிட்டி ஜேசன் வகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். விடையின் கன்டென்ட்-டைப் (உள்ளடக்க வகை) எச்டிஎம்எல் என்று வந்தால் கேச்தான் காரணம்.

கேட்டவர்

எச்டிஎம்எல் என்றே வருகிறது. கேச்சை அண்மையில்தான் சேர்த்தோம். ஓர் இணைப்பு பரவலாகப் பகிரப்பட்டதும் முன்னோட்டப் படத்துக்காகப் பல வழங்கிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து கேட்டதால் சுமை தாங்கவில்லை. எந்தெந்தக் குறிப்புகளைப் பொறுத்து விடை மாறும் என்று கேச்சுக்குச் சொல்லும் வேரி ஹெடரை மாஸ்டடன் அனுப்புகிறது, அதில் ஆக்செப்ட் என்ற சொல்லும் இருக்கிறது. பின் ஏன் இப்படி நடக்கிறது?

மறுமொழி 2

எல்லாக் கேச் சேவைகளும் வேரி ஹெடரை முழுமையாக மதிப்பதில்லை. சுருக்க முறையைக் குறிக்கும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுபவை உண்டு. எனவே நீங்களே விதி எழுத வேண்டும். ஆக்செப்ட் ஹெடரில் ஆக்டிவிட்டி ஜேசன் அல்லது அதே தரவைக் கேட்கும் மற்றொரு வகைப் பெயரான எல்டி ஜேசன் இருந்தால் கோரிக்கை கேச்சைத் தொடாமல் நேரே மாஸ்டடனுக்குப் போகட்டும். இரண்டையும் எழுதுங்கள், முதலாவதை மட்டும் எழுதிவிட்டு, சில வழங்கிகளுக்கு மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்செப்ட் ஹெடர் முழுவதையும் சாவியில் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வோர் உலாவியும் அதைச் சற்று வேறாக எழுதுவதால் கேச் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். விதியைச் சேர்த்ததும் பழைய கேச்சைக் காலி செய்யுங்கள்.

மறுமொழி 3

ஒரு சிறு எச்சரிக்கை. ‘பாதுகாப்பான முறை’ இயக்கப்பட்ட வழங்கிகள், கேட்கும் வழங்கியின் மின்கையொப்பம் இல்லாத கோரிக்கைக்கு 401 (அனுமதி இல்லை) என்று விடை தரும். அங்கே கர்ல் 401 காட்டினால் அது கோளாறன்று, பூட்டு ஒழுங்காக இருக்கிறது என்றே பொருள். கையொப்பத்தில் நேரமும் அடங்கியிருப்பதால், உங்கள் கணினியின் கடிகாரம் பெரிதும் பிசகியிருந்தால் உங்கள் கோரிக்கைகளைப் பிறர் நிராகரிப்பார்கள். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கைப்பேசிச் செயலி ஏன் இணைப்பைத் தானே பிடித்துக்கொள்வதில்லை என்றும் உறுப்பினர்கள் கேட்பார்கள். எந்தெந்தத் தளப்பெயர்களின் இணைப்புகள் தன்னுடையவை என்பதைச் செயலி முன்கூட்டியே அறிவித்து, அந்தத் தளமும் அதை ஒப்புக்கொண்டால்தான் இயங்குதளம் ஐயமின்றிச் செயலியிடம் ஒப்படைக்கும். நாளும் புதிய வழங்கிகள் முளைக்கும் வலையமைப்பில் அந்தப் பட்டியலை யாரும் முடிக்க முடியாது. ‘வெப்+’ என்று தொடங்கும் தனி முகவரி வகையை உலாவியில் பதிவு செய்யும் யோசனை பேசப்படுகிறது. ஆனால் எல்லா உலாவிகளும் அதற்கு இடம் தராததால் அதை நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. முகவரியை மாற்றித் தரும் இடைத்தளங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் ஒன்று மூடப்பட்டால், அதன் வழியாகப் பகிர்ந்த அத்தனை இணைப்புகளும் ஒரே நாளில் செத்துவிடும்.

கேட்டவர்

இரண்டு வகைகளையும் விதியில் சேர்த்து, கேச்சைக் காலி செய்தபின் கர்ல் ஜேசன் தருகிறது. வேறு மூன்று வழங்கிகளின் தேடல் பெட்டியிலும் பதிவு உடனே வந்துவிட்டது. முன்பு எப்போதாவது உலாவியில் பதிவுக்குப் பதிலாக அடைப்புக்குறிகள் நிறைந்த எழுத்துக்குவியல் தெரிகிறது என்று ஓர் உறுப்பினர் முறையிட்டதற்கும் காரணம் இதுவேதானா?

மறுமொழி 2

அதேதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. வேறொரு வழங்கி முதலில் கேட்டு, அதற்குப் போன ஜேசன் கேச்சில் தங்கி, பின்னால் வந்த உலாவிக்குக் கிடைத்திருக்கிறது. இனி வராது. உள்நுழைந்தவர்களின் குக்கீயுடன் (அவர்களை அடையாளம் காட்டும் சிறு தரவுடன்) வரும் கோரிக்கைகளும் கேச்சைத் தாண்டிப் போகின்றனவா என்று பாருங்கள். அது தவறினால் ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குத் தெரியும், இணைப்பு திறக்காததைவிட அது பெரிய தொல்லை.

கேட்டவர்

பார்த்தேன், தாண்டித்தான் போகின்றன. மூவருக்கும் நன்றி, தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.