ஔரியஸ் தங்கக் காசு: பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் யார்?

கேள்வி:
ரோமானியத் தங்கக் காசு, எடை 7.70 கிராம். முன்பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை, லாரல் மாலை. பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண். ஒரு கையில் செங்கோல், மறுகையில் கிளை. சுற்றிலும் ‘போன்டிஃப் மாக்ஸிம்’ (தலைமைக் குரு) என்ற எழுத்து. யார் காலத்துக் காசு? ஆண்டு சொல்ல முடியுமா? போலியா என்று எப்படிப் பார்ப்பது?

மறுமொழி 1:
ரோமப் பேரரசர் திபேரியஸ், கி.பி. 14–37. அச்சடித்த இடம் லுக்டுனும், பிரான்ஸில் இன்றைய லியோன். இதே உருவம் வெள்ளி தெனாரியஸிலும் உண்டு. அப்படி 25 வெள்ளிக் காசுக்கு ஒரு ஔரியஸ்.

அந்தப் பெண்ணைத் திபேரியஸின் தாய் ‘லிவியா’ என்றே ஏலப் பட்டியல்களில் போட்டுவிடுவார்கள். காசில் அந்தப் பெயர் எங்கும் கிடையாது. கிளை ஒலிவம் என்றால் அமைதித் தெய்வம் பாக்ஸ். லிவியாவைப் பாக்ஸாகக் காட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆண்டு கிடைக்காது. திபேரியஸின் நாற்குதிரைத் தேர் காசில் ‘டிஆர் பாட்’ என்று, பேரரசரின் ட்ரிபூன் அதிகாரத்தில் அது எத்தனையாவது ஆண்டு என்ற எண் இருக்கும். 17 என்றால் கி.பி. 15–16. உங்கள் வகையில் அந்த எண்ணே இல்லை. நாற்காலிக் கால் வெறுமையா, வேலைப்பாடு உள்ளதா என்று பார்த்து உட்பிரிவு மட்டும் சொல்லலாம்.

மறுமொழி 2:
பெண் உருவங்களில் முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். சுக்கான் என்றால் அதிர்ஷ்டத் தெய்வம் ஃபோர்டூனா, தராசு என்றால் நேர்மைத் தெய்வம் ஈக்விடாஸ், பாம்புக்கு உணவூட்டினால் உடல்நலத் தெய்வம் சாலுஸ், மாலையும் நங்கூரமும் என்றால் மகிழ்ச்சித் தெய்வம் லேடீஷியா. பழமும் பூவும் நிறைந்த வளக்கொம்பை மட்டும் நம்பாதீர்கள், பாதிப் பேர் கையில் அதுதான்.

மறுமொழி 3:
எடை திபேரியஸ் காலத்துக்குப் பொருந்துகிறது. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ ரோமானியப் பவுண்டுக்கு 45 காசு என்று குறைத்த பிறகுதான் ஏறக்குறைய 7.3 கிராம். திபேரியஸ் காசு அந்த எடையில் வந்தால் விளிம்பை உரசியிருக்கிறார்களா என்று பாருங்கள். நகையில் பதித்துக் கழற்றிய தடமும் அங்கேதான் தெரியும்.

தங்கம்தானா என்று அடர்த்தி பார்க்க, தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். காட்டும் எண்ணால் 7.70-ஐ வகுத்தால் 19-ஐ ஒட்டி வர வேண்டும். 0.001 கிராம் காட்டும் தராசு அவசியம்.

கேட்டவர்:
0.415 காட்டுகிறது. 18.55 தான் வருகிறதே?

மறுமொழி 3:
காற்றுக்குமிழியாக இருக்கும். 0.01 மிகுந்தாலே அரைப் புள்ளி இறங்கிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு மறுபடி பாருங்கள், 0.405 என்றால் சரி. ஆனால் அசல் தங்கத்தில் இன்று அடித்த போலியும் இதில் தேறிவிடும். அதற்கு லென்ஸ்தான்: விளிம்பில் ஒட்டுக்கோடு இருந்தால் அச்சில் வார்த்த போலி. நல்ல காசில் எழுத்துகளிலிருந்து விளிம்பு நோக்கி உலோகம் ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும்.