அச்சே உடன்படிக்கை நிலைத்தது எதனால்?

கேள்வி: இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் 1976இல் தொடங்கிய கிளர்ச்சி, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்படிக்கையோடு முடிந்தது. முந்தைய போர்நிறுத்தங்கள் முறிந்திருக்க, இது நிலைத்ததற்கு ஆழிப்பேரலைதான் காரணமா?

மறுமொழி 1: ஆழிப்பேரலை பேச்சுவார்த்தையை விரைவுபடுத்தியது என்பது உண்மை, ஆனால் அதே அலை தாக்கிய இலங்கையில் போர் மீண்டும் மூண்டதை மறந்துவிடக் கூடாது. என் பார்வையில், முன்னைய முயற்சிகள் போர்நிறுத்தத்தை முதலில் வைத்து அரசியல் தீர்வைத் தள்ளிப்போட்டன. ஹெல்சிங்கிப் பேச்சுவார்த்தைக்கு நடுவராக இருந்த முன்னாள் பின்லாந்து அதிபர் மார்ட்டி அக்திசாரியோ அனைத்திலும் உடன்பாடு வரும்வரை எதிலும் உடன்பாடில்லை என்ற விதியை வைத்தார். கிளர்ச்சியாளர்கள் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட, அரசு மாநிலக் கட்சிகளை அனுமதிக்கவும், எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 விழுக்காட்டை அச்சேவுக்கு விடவும் இசைந்தது. 840 ஆயுதங்கள் நான்கு கட்டங்களாக ஒப்படைக்கப்பட, அதற்கு ஈடாகப் படைகளும் கட்டங்கட்டமாக விலக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் இதைக் கண்காணித்தன.

மறுமொழி 2: முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். 2006 டிசம்பர் தேர்தலில் முன்னாள் கிளர்ச்சியாளரான இர்வாண்டி யூசுஃப் ஆளுநரானதும் பெரிய திருப்பமே. எனினும் மீட்சியின் குறைகள் என்னை வருத்துகின்றன. உடன்படிக்கை 3,000 போராளிகளை மட்டுமே கணக்கில் கொண்டது. போரில் பங்கேற்ற பெண்கள் பலர் மறுவாழ்வு உதவியின் வரம்புக்கு வெளியே நின்றனர். போர்க்கால உரிமை மீறல்களை விசாரிக்க வேண்டிய ‘உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின்’ உறுப்பினர்கள் 2016இல்தான் பதவியேற்றனர். காணாமல்போன மகனைத் தேடும் தாய்க்கு அது மிக நீண்ட காத்திருப்பு.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் நன்றி. உடன்படிக்கையில் உறுதியளிக்கப்பட்ட மனித உரிமை நீதிமன்றம் ஏன் செயலுக்கு வரவில்லை என்பதை அடுத்து விவாதிக்க விரும்புகிறேன்.