புதுப்பிப்பு: டென்ச்சரில் (பல்செட்டில்) தடித்த இடத்தில் மட்டும் பொத்தல், காரணம் கிடைத்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: டென்டல் மெக்கானிக் பயிற்சிக்குச் செய்த ஹீட் க்யூர் (சூட்டில் இறுகும் அக்ரிலிக்) கீழ்த்தாடை டென்ச்சரில், நாக்குப் பக்கத் தடித்த ஓரத்துக்குள் குண்டூசித் தலை அளவில் பொத்தல்கள், மெல்லிய இடங்கள் சுத்தம்.

அக்ரிலிக் பவுடர்-லிக்விட் அளவு தப்பு என்று பலர் சொன்னீர்கள். இல்லை, கன அளவில் 3:1 சரியாகவே இருந்தது. "ஃப்ளாஸ்க்கை நேரே கொதிநீரில் போடாதீங்க" என்ற பதில்தான் பலித்தது (ஃப்ளாஸ்க் என்பது டென்ச்சர் அச்சு இருக்கும் உலோகப் பெட்டி). மோனோமர், அதாவது அந்த லிக்விட், 100.8 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். க்யூர் ஆகும்போது கிளம்பும் சூடு தடித்த இடத்தில் வெளியேற வழியில்லாமல் அதையும் தாண்டிவிடும். ஆவி குமிழாகி உள்ளேயே நின்றுவிடும். இந்த முறை 74 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு கொதிநீரில் 1 மணி நேரம். குழாய்த் தண்ணீரில் காட்டாமல் பெஞ்சிலேயே ஆறவிட்டதும் முக்கியம். பொத்தல் ஒன்றுகூட இல்லை.

எதிர்பாராதது: பாலிஷ் போடும்போது முன்பல் ஒன்று கழன்று வந்தது. அதன் அடியில், அக்ரிலிக் அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவும் கோல்ட் மோல்ட் சீல் பளபளவென்று படிந்திருந்தது. அதை அச்சுப் பிளாஸ்டரில் மட்டும்தான் தடவ வேண்டும். பல்லில் பட்டால் காயுமுன் ஈரப்பஞ்சால் துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் சுரண்டி எடுத்த பிறகே அக்ரிலிக்கை அச்சில் பேக் செய்யுங்கள். அச்செடுக்கப் பயன்பட்ட மெழுகு பல்லில் மிச்சமிருந்தாலும் இதே கதிதான்.