உரிமம் பெற்ற துப்பாக்கியால் கொடுங்கோல் ஆட்சியைத் தடுக்க முடியுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை விவசாயி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தந்தையார் காலத்தில் வாங்கிய துப்பாக்கி ஒன்று வீட்டில் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவுகள் வந்த பின்னர் திரும்பப் பெறுவோம். அமெரிக்காவில் வசிக்கும் என் மைத்துனரோ, 1791-இல் அந்நாட்டு அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாம் திருத்தத்தைக் காட்டி, குடிமக்கள் கையில் ஆயுதம் இருந்தால்தான் அரசு வரம்பு மீறாது என்றும், நமக்கும் அந்த உரிமை இருந்திருந்தால் 1975-இல் நெருக்கடி நிலை வந்திருக்காது என்றும் வாதிடுகிறார். வாக்களிக்கும் காலத்தில் அரசிடமே கொடுத்துவைக்க வேண்டிய ஆயுதம் அரசை எப்படித் தடுக்கும் என்று கேட்டால், அதுதான் உங்கள் நாட்டின் குறை என்கிறார். நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இதைப் பற்றிச் சிந்திக்கவே இல்லையா?

பதில்: பாலக்காட்டு வழக்கறிஞர்

சிந்தித்தார்கள் ஐயா, விவாதித்த பிறகே தள்ளினார்கள். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமத்துக்காகக் காத்திருக்க வைத்து, ஐரோப்பியர்களுக்கு மட்டும் விலக்களித்தது. அந்த அவமானத்தின் நினைவோடுதான் 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது. (அச்சட்டத்தைக் காந்தி கண்டித்ததைத் துப்பாக்கி ஆதரவாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள், 1918-இல் ஆங்கிலேயப் படைக்கு ஆள் சேர்ப்பதற்கான துண்டறிக்கையில் அவர் அதை எழுதினார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.) 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இவ்வுரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் ஏற்கவில்லை. இன்று நமக்கு இருப்பது அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமைதான். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அதிகாரிகளின் கையில் இருக்கின்றன. உங்கள் துப்பாக்கியால் பன்றியைச் சுடுவதற்கே பஞ்சாயத்தின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

பதில்: தேவிகுளம் வாசகர்

சட்டம் இல்லை என்பதால் வாதம் பொய்யாகிவிடாது. 1946 ஆகஸ்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஏதென்ஸ் நகரில், வாக்குப் பெட்டிகளைச் சிறைக்குள் கொண்டுபோன ஷெரீப்பின் (வட்டாரக் காவல் தலைவரின்) ஆட்களை, போரிலிருந்து திரும்பிய வீரர்கள் துப்பாக்கிகளோடு சூழ்ந்து சரணடைய வைத்தனர். அதே ஆண்டு அக்டோபரில் புன்னப்பறையிலும் வயலாரிலும் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்த தொழிலாளர்களிடம் இருந்தவையோ கமுகைச் சீவிய ஈட்டிகள். அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

பதில்: பாலக்காட்டு வழக்கறிஞர்

ஏதென்ஸ் வீரர்களின் துப்பாக்கிகளில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வந்தவை அல்ல. தேசியக் காவற்படையின் கிடங்கிலிருந்து எடுத்தவை. எதிரில் இருந்ததும் ஒரு வட்டார ஷெரீப்தான். அவருக்காக ராணுவம் வரவில்லை. திருவிதாங்கூரிலோ ராணுவச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது.

நெருக்கடி நிலையைப் பற்றிக் கேட்டீர்கள். அப்போது கேரளத்தில் ஆயுதம் தேடியவர்களும் இருந்தார்கள். 1976 பிப்ரவரி இறுதியில் நக்சலைட்டுகள் கோழிக்கோடு மாவட்டத்துக் காயண்ணா காவல் நிலையத்தைத் தாக்கினர். ஆட்சி அசையவில்லை, மார்ச் 1 அன்று பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமில் அவர் சித்திரவதைக்கு உள்ளானார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அந்த வழக்கால்தான் 1977 ஏப்ரலில், முதலமைச்சரான ஒரே மாதத்தில், கருணாகரன் பதவி விலக நேர்ந்தது.

பதில்: தேவிகுளம் வாசகர்

காயண்ணாவை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த மனு நெருக்கடி நிலை நீங்கிய பிறகுதான் தாக்கலானது. அதற்கு முன், 1976 ஏப்ரலில், தடுப்புக் காவலில் இருப்போர் அத்தகைய மனுவோடு நீதிமன்றம் செல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. வாக்குச் சீட்டையும் பெரிதாகச் சொல்ல முடியாது. வடக்கே இந்திரா காந்தி தோற்ற 1977 தேர்தலில், கேரளத்தின் 20 மக்களவைத் தொகுதிகளையும் அவருடைய அணியே வென்றது. துப்பாக்கி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். அந்த 21 மாதங்களில் ராஜனின் தந்தை எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.