வேலூர் வெயிலில் 55 லிட்டர் கடல்மீன் தொட்டி: சிவப்பு ஜவ்வுக்கு (சயனோ) மாத்திரை போடலாமா?

உப்புத்தொட்டி (சத்துவாச்சாரி):
தொட்டி வெச்சு அஞ்சு மாசம் ஆகுது. பாறை, மணல் போக 45 லிட்டர் தண்ணி. ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ஹெர்மிட் நண்டு, அவ்வளவுதான். ஏப்ரல்ல வெயில் ஏறினதும் மேல ஃபேன் மாட்டினேன், 31 டிகிரி 28க்கு இறங்குச்சு. தினம் ஒண்ணரை லிட்டர் ஆவியாகுது, ஊத்திக்கிட்டே இருக்கேன். அதுக்கப்புறம்தான் பாறை முழுக்க முடிப்பாசி. மணல் மேல சிவப்பு ஜவ்வா சயனோ. காலையில விரலால நெம்பினா பாலாடை மாதிரி மொத்தமா எழும்புது, சாயங்காலம் திரும்பப் படருது. போன மாசம் ரெண்டு அயிப்டேசியா (பாறையில ஒட்டிப் பெருகற, கொட்டற கடல் அனிமோன்) இருந்துச்சு. ஒண்ணை பிளேடால சுரண்டினேன், இப்ப எட்டு. பாசிக்குத் தீனியாகற பாஸ்பேட் டெஸ்ட்டுல பூஜ்யம் காட்டுது. ஊத்துறது வீட்டு ஆர்ஓ தண்ணிதான். எரித்ரோமைசின்னு ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடச் சொல்றாங்க. போடலாமா?

காட்பாடி_ஜங்ஷன்:
போடுங்க. சயனோங்கறது பாசியே கிடையாது, அது பாக்டீரியா. அதனாலதான் ஆன்டிபயாட்டிக்குக் கேட்குது. போன வருஷம் என் தொட்டியில மணலே தெரியாத அளவுக்கு மூடிடுச்சு. மூணு நாள்ல சுத்தம். ஒரு மீன்கூட சாகல.

பாலாற்றங்கரை:
தம்பி, போடாதீங்க. மே மாசத்துச் சூட்டுத் தண்ணியில ஏற்கெனவே ஆக்சிஜன் கம்மி. அத்தனை ஜவ்வும் ஒரே நேரத்துல செத்து அழுகினா மிச்சம் இருக்கறதையும் உறிஞ்சிடும். 300 லிட்டர் தொட்டி தாங்கும், 45 லிட்டர் தாங்காது. ராத்திரி ஒரு மணி நேரம் கரன்ட் போனா காலையில மீன் மிதக்கும். டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து அது. மருந்து கலந்த தண்ணி கடைசியில நம்ம சாக்கடைக்குத்தான் போகுது, அதையும் நினைச்சுப் பாருங்க.

டெஸ்ட்டுல பூஜ்யம் வந்ததை நம்பாதீங்க. பாஸ்பேட் வர வர முடிப்பாசி தின்னுடுது. தண்ணியில மிஞ்சினாத்தானே டெஸ்ட்டுல தெரியும்?

எனக்குச் சந்தேகம் உங்க ஆர்ஓ மேலதான். வீட்டு மெஷின்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு) கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும். குடிக்க ருசியா இருக்கணும்னு கொஞ்சம் போர் தண்ணியை நேராக் கலந்து விடும். நம்ம ஊர் போர் தண்ணி எப்படின்னு வெந்நீர் போடுற பாத்திரத்தோட அடியைப் பாத்தாலே தெரியும். ஃபேன் காத்துல தண்ணி மட்டும்தான் போகும், அதுல கரைஞ்சதெல்லாம் தொட்டியிலயே தங்கும். தினம் ஒண்ணரை லிட்டர்னா 30 நாள்ல 45 லிட்டர். மாசத்துக்கு ஒரு தொட்டித் தண்ணியைக் காய்ச்சி, அடியில தங்கினதைத் திரும்பக் கொட்டுற மாதிரிதான் இது. டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பாத்துச் சொல்லுங்க.

காட்பாடி_ஜங்ஷன்:
அண்ணா, அந்த உப்புல சுண்ணாம்புச் சத்து நிறைய, அதைப் பாசி தின்னாது. பாஸ்பேட் வர்றது தீனியில இருந்து. ரெண்டு மீனுக்கு எத்தனை தடவை போடறார்னு கேட்டீங்களா? உறைஞ்ச இறாலைக் கழுவாம போட்டா அந்தச் சாறு ஒண்ணே போதும். காரணத்தைத் தேடி முடிக்கறதுக்குள்ள சயனோ மணலை மூச்சு முட்ட வெச்சிடும். மாத்திரை அவகாசம் வாங்கித் தரும்.

பாலாற்றங்கரை:
தீனி விஷயத்துல நீங்க சொல்றது சரி, நான் கேட்டிருக்கணும். ஆனா ஒரு கேள்வி: உங்க தொட்டியில சயனோ திரும்ப வரலையா?

காட்பாடி_ஜங்ஷன்:
வந்துச்சு. ஆறு வாரத்துல. ரெண்டாவது தடவையும் போட்டேன்.

கோட்டை_அகழி:
அயிப்டேசியாவைப் பத்தி யாரும் பேசல. வெட்டக் கூடாது, சுரண்டக் கூடாது. அதோட பாதத்துல இருந்து பிஞ்சு பாறையில ஒட்டின துணுக்கு ஒவ்வொண்ணும் தனி உயிரா முளைக்கும். நான் செஞ்சதைச் சொல்றேன். வெத்தலைக்குப் போடற வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனையோ நிறமோ சேர்க்காதது. தயிர் பதத்துக்குக் கரைச்சு இன்சுலின் சிரிஞ்சுல எடுத்துக்கணும். பம்ப்பை நிறுத்திட்டு, அயிப்டேசியா சுருங்கறதுக்குள்ள அதோட வாய் மேல மெதுவா விடணும். அரை மணி நேரம் கழிச்சு பம்ப்பைப் போடணும். சின்னத் தொட்டிங்கறதால ஒரு நாளைக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல போனா பிஎச் ஏறிடும். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்குங்க.

பெப்பர்மின்ட் இறாலும் தின்னும். ஆனா முதுகு கூனி, வெள்ளைக் கோடு போட்ட கேமல் இறாலை அதே பேர்ல தருவாங்க, அது அயிப்டேசியாவைத் தொடாது. பாத்து வாங்குங்க.

காட்பாடி_ஜங்ஷன்:
இவ்வளவு பாடு எதுக்கு? பாறையை எடுத்து வேகவெச்சா தீந்தது. இல்லாட்டி ராமேஸ்வரம் கிட்ட இருக்கற மண்டபம் கடற்கரையில இருந்து புதுப் பாறை வரவழைக்கலாம்.

கோட்டை_அகழி:
வேகவே வைக்காதீங்க, கெஞ்சிக் கேட்கறேன். பாறையில சோவாந்திட் (பவளத்துக்குச் சொந்தமான பூ மாதிரி ஒரு கடல் உயிர்) ஒட்டியிருந்தா அந்த ஆவியில பேலிடாக்சின்ங்கற கொடிய விஷம் வரலாம். அதைச் சுவாசிச்சு குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க.

பாலாற்றங்கரை:
மண்டபத்துப் பாறையும் வேண்டாம், அது பவளப் பாறை. அங்க மன்னார் வளைகுடாத் தீவுகளும் அதைச் சுத்தின கடலும் 1986ல இருந்து தேசியப் பூங்கா. 1972 வனவிலங்குச் சட்டப்படி பவளத்தை எடுக்கறதும் விக்கறதும் குற்றம். நம்ம தொட்டிக்காக அங்க ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது.

உப்புத்தொட்டி:
மீட்டர் வாங்கிட்டேன். போர் தண்ணி 1100. நான் இத்தனை நாள் ஊத்தின ஆர்ஓ தண்ணி 160! திருகை மூடினதும் 50. அதுக்கு அடுத்து மிச்ச உப்பையும் பிடிச்சுக்கற டிஐ ரெசின் குழாய் மாட்டினேன், இப்ப 0. ரெசின் தண்ணியைத் தொட்டிக்கு மட்டும் தனியாப் பிடிக்கறேன். இறாலையும் கழுவித்தான் போடறேன்.

(மூணு வாரம் கழிச்சு)
மாத்திரை போடல. ரெண்டு நாளைக்கு ஒருதரம் சயனோவை டியூப்ல உறிஞ்சி எடுத்தேன், நடுவுல மூணு நாள் லைட்டே போடல. இப்ப கண்ணாடி ஓரமா உள்ளங்கை அளவுதான் இருக்கு. சுண்ணாம்புல அஞ்சு அயிப்டேசியா போச்சு, மூணு பாக்கி. முடிப்பாசி பின்னாடி இருக்கற பாறையில அப்படியே இருக்கு.

காட்பாடி_ஜங்ஷன்:
சந்தோஷம். ஆனா மணல் முழுக்க மூடின தொட்டிக்கு நான் இன்னும் மாத்திரைதான் சொல்வேன். அந்த ரெசின் எங்க கிடைச்சுது? என் ஆர்ஓ 210 காட்டுது.

பாலாற்றங்கரை:
தம்பி, அந்த முடிப்பாசிப் பாறையைத் தொட்டிக்குள்ள வெச்சுத் தேய்க்காதீங்க, பறக்கற துணுக்கெல்லாம் வேற இடத்துல ஒட்டி வளரும். மாத்தறதுக்காக எடுத்த பழைய தொட்டித் தண்ணியை ஒரு வாளியில வெச்சு, அதுல பல் பிரஷ்ஷால தேய்ங்க. வாளித் தண்ணியைக் கொட்டிட்டு, பாறையை இன்னொரு தடவை உப்புத் தண்ணியில அலசி உள்ள வைங்க.